ஒரே எலி, இரண்டு கால்

அமுதா கண்ணு,

திங்கட்கிழமை நீ கோயம்புத்தூருக்கு வண்டி ஏறுகிறாய். ஆஸ்பத்திரி லேபரட்டரியில் வேலை. ரத்தத்தையும் சளியையும் சோதித்து, இன்னது இருக்கிறது, இன்னது இல்லை என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை. காலடிப்பேட்டையில் நம் தெரு முழுக்க இதே பேச்சுதான். உன் அம்மா மூன்று நாளாக உனக்குப் பொடி இடிக்கிறாள். நடுவில் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். கேட்டால் மிளகாய் நெடி என்கிறாள். நான் அவளைப் போல அழவும் தெரியாதவன், நேரில் பேசினால் பாதியிலேயே சிரித்து மழுப்பிவிடுகிறவன். அதனால்தான் எழுதுகிறேன். ராயபுரம் பட்டறையில் என்னை இன்றைக்கும் 'எலி மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏன் நைனா என்று நீ எத்தனையோ முறை கேட்டிருக்கிறாய். ஒவ்வொரு முறையும் ஒரு வேடிக்கை சொல்லித் தப்பித்தேன். நடந்ததை இப்போது முழுசாகச் சொல்கிறேன். நான் தலைகுனிந்த இடமும் அதில் உண்டு, நிமிர்ந்த இடமும் உண்டு. இரண்டையும் படித்துவிட்டுப் போ.

வெள்ளைக்காரன் போன மறு வருஷம் அது. கப்பலில் சரக்குத் தூக்கும் விஞ்சுகளைப் பழுது பார்க்கிற பட்டறையில் நான் பிட்டர். ஒரு நாள் பலகை மேல் நின்று வேலை செய்யும்போது, காலடியைப் பார்க்காமல் பின்னால் நகர்ந்து விழுந்தேன். குற்றம் என்னுடையதுதான். வலது கை முழங்கைக்கு மேலே முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து அதைப் பிரித்தபோது உள்ளே இருந்தது என் கை மாதிரியே இல்லை. முருங்கைக்காய் மாதிரி ஒரு கை தொங்கியது. எலும்பு கூடிவிட்டது, விரல்களும் அசைந்தன, பலம்தான் இல்லை. கூஜாவைத் தூக்கினால் நடுங்கியது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "ஓய்வு குடு. நோஞ்சான் சதைக்கு வேலை குடுத்தா இருக்கிறதும் கரைஞ்சிடும்" என்றார். அவர் படித்த மனிதர், நல்ல மனிதரும்கூட. அப்போது எல்லா ஏழைத் தொழிலாளிக்கும் அதே வார்த்தைதான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் எத்தனையோ பேர் கட்டுப் பிரித்ததும் ஓய்வு என்று வீட்டுக்குப் போய், திரும்பி வராமலே போனார்கள். பட்டறை முதலாளி எனக்கு ஆறு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் சம்மட்டி தூக்கினால் பிட்டர், இல்லாவிட்டால் கேட்டில் காவல். கேட்டில் உட்கார்வது கேவலம் இல்லை, கண்ணு. ஆனால் பதினெட்டு வருஷம் இரும்போடு பழகின கைக்கு அது சாவு மாதிரி இருந்தது.

டாக்டரம்மாவை நான் பார்த்தது அந்த நாட்களில்தான். ஆஸ்பத்திரியை ஒட்டி ஓட்டுக் கட்டடம் ஒன்று உண்டு. ஜன்னல் ஓரமாக வெள்ளெலிக் கூண்டுகள் அடுக்கியிருக்கும். ஒரு காலை, கையைக் காட்ட என் முறைக்குக் காத்திருந்தபோது, முப்பது வயது இருக்கும், கண்ணாடி போட்ட ஓர் அம்மா, வராந்தாவில் உட்கார்ந்து ஒரு தகரச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எலி உள்ளே ஏறி ஓடினால் சுற்ற வேண்டிய சக்கரம். கடல் காற்றில் அச்சு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? "நவுருங்கம்மா" என்று உட்கார்ந்து, இடது கையால் பிடித்து, வலது கை விரல்களால் நிதானமாகக் கழற்றி, தேங்காய் எண்ணெய் விட்டுச் சுற்றிக் காட்டினேன்.

"நீங்க பிட்டரா?" என்றார்.

"இருந்தேம்மா. இப்ப இந்தக் கையோட இன்னா பிட்டரு?"

அவர் என் கையை வாங்கி அழுத்திப் பார்த்தார். பிறகு, வேலைக்காரனிடம் பேசுகிற மாதிரி இல்லாமல், கூட வேலை செய்கிறவனிடம் பேசுகிற மாதிரி சொன்னார்: "இந்தச் சதை செத்துப் போகலை. இழைகள் மெலிஞ்சிருக்கு, அவ்வளவுதான்னு நான் நினைக்கிறேன். அளவா சுமை குடுத்தா திரும்பத் தடிக்கும். ஆனா நினைச்சா போதாதே, காட்டணும். மனுஷன் கையை வெட்டிப் பார்க்க முடியாது. அதுக்குத்தான் இந்த எலிங்க. சுமையை இழுத்து ஓடுற எலிக்கும், சும்மா உட்கார்ந்திருக்கிற எலிக்கும் கெண்டைக்கால் சதை எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

எனக்கு அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் பெரிசில்லை, ஆனால் காலையில் எழுந்து போக ஓர் இடம். பழைய சைக்கிள் அச்சு, பிஸ்கட் டின் தகரம், கம்பிவலை எல்லாம் வைத்துப் பத்துச் சக்கரம் கட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு தோல் வாரைச் சுற்றி, நுனியில் எடை தொங்கவிட்டேன். எடை கூடக்கூட வாரு அழுத்தும், எலி இன்னும் உந்தி ஓட வேண்டும். எத்தனை சுற்று என்று காட்ட சைக்கிளில் பூட்டும் மீட்டர் முள்ளும் வைத்தேன். பட்டறைத் தோஸ்து காதர் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னா நைனா, கப்பல் விஞ்சு ரிப்பேர் பண்ணிகினு இருந்த ஆளு, எலிக்கு ராட்டினம் கட்டிகினு கீற!" என்றான். மேஸ்திரிப் பட்டம் அன்றைக்குச் சூட்டினான், அது ஒட்டிக்கொண்டது.

பத்து எலி ஓடும், பத்து எலி உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கோதுமை, ஒரே அளவு பால். இதை டாக்டரம்மா தினமும் சொல்வார். "சாப்பாடு மாறினா எல்லாம் போச்சு. சதை வளர்ந்தது ஓட்டத்தாலயா, சோத்தாலயான்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது." நான் தலையாட்டுவேன். தலையாட்டிக்கொண்டே தப்பும் செய்தேன். முதலில் ஒரு எலி ஓடாமல் முரண்டு பிடித்தது. மடியில் இருந்த வறுத்த வேர்க்கடலையில் ஒன்றைக் காட்டினேன். ஓடியது. அப்புறம் மற்றவற்றுக்கும். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பாவம், ஓடுகிறதே என்று இரக்கம், அது பாதிதான். மீதிப் பாதியை உன் அம்மாவுக்குக்கூட நான் வெகுநாள் சொல்லவில்லை. அந்த எலிகள் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு வெறி. அவை ஜெயித்தால் என் கை ஜெயித்த மாதிரி. ஆகவே என் பக்கத்து ஆட்டக்காரனுக்கு நான் ரகசியமாக ஊட்டினேன்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு நாள் காலை நான் கடலையை மடியில் கட்டும்போது, "எலிக்கா நைனா?" என்றாய். ஆமாம் என்றேன். "குந்திகினு கீற எலிக்கு?" என்றாய். அதுக்கு இல்லை என்றேன். "அதுக்கு மட்டும் ஏன் இல்ல?" என்றாய். நான் உன் கன்னத்தில் அறைந்தேன். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, அந்த ஒரு முறைதான். நீ கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. பதில் எனக்குத் தெரிந்திருந்தது, அதுதான் என் கையை ஓங்க வைத்தது. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, பத்து வருஷம் தாமதமாக மன்னிப்புக் கேட்கிறேன், கண்ணு.

நாற்பது நாள் முடிந்தது. எலிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, அந்தத் தூக்கத்திலேயே முடித்து, சதையைப் பிரித்து நிறுத்தார்கள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். பெயர் வைத்து வளர்த்தவை. உள்ளே இருந்து டாக்டரம்மா ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. "ஓடின எலிக்கெல்லாம் சதை கூடியிருக்கு! நம்ம நினைச்சது சரி!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அடுத்த வாரம் பெரிய டாக்டர் முன்னால் வைக்கப் போகிறோம், அவர் ஒப்புக்கொண்டால் கட்டுப் பிரித்த தொழிலாளிகளுக்கு ஒரு வார்டு ஒதுக்கிச் சுமைப் பயிற்சி கொடுக்கலாம், முதல் ஆள் நீங்கள்தான் என்றார். நான் வேண்டியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அவர் கொடுத்த லட்டைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா எதிரே வந்து உட்கார்ந்தாள். "இன்னா ஆச்சு? எலி செயிச்சிடுச்சின்ற, மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்றாள். சொல்லிவிட்டேன். கடலை, வெறி, உன்னை அறைந்தது, எல்லாம். அவள் கடைசிவரை கேட்டாள். அப்புறம் சொன்னாள்:

"அந்த எலிங்க இருபதும் செத்துப் போச்சில்ல?"

"ஆமா."

"பொய்க்கா செத்துச்சு?"

நான் பிசைந்த சோற்றை ஒதுக்கி வைத்தேன்.

"போய் அந்தம்மாகிட்ட சொல்லிடு. கேட்டாண்ட குந்தினு இருந்தாலும் பரவால்ல, நான் கஞ்சி ஊத்தறேன். ஆனா நாளிக்கி ஒருத்தன் அவங்க சொன்னத நம்பி கைய கால கெடுத்துகினா, அத நாம திங்க முடியாது."

மறுநாள் காலை போனேன். டாக்டரம்மா பெரிய நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "எத்தனை கடலை?" என்றார். "கணக்கு வைக்கலம்மா." "எல்லாத்துக்கும் ஒரே மாதிரியா?" "நல்லா ஓடினதுக்கு ஜாஸ்தி." அவர் முகம் வெளுத்துப் போயிற்று. திட்டுவார் என்று காத்திருந்தேன். சிவப்புப் பென்சிலை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் குறுக்கே கோடு போட்டார். நாற்பது நாள் உழைப்பு. நான் அழுதுவிட்டேன். "கிழிச்சுப் போட்டுடுங்கம்மா, பாக்க முடியல" என்றேன். "கிழிக்கக் கூடாது. என்ன தப்பு நடந்துதுன்னு தெரியணும்" என்று கடைசிப் பக்கத்தில் காரணத்தையும் எழுதினார். பிறகு, "இன்னிக்கு வீட்டுக்குப் போங்க" என்றார். நாளைக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

அன்றைக்கே அவர் பெரிய டாக்டரிடம் போய்ச் சோதனை செல்லாது என்று சொல்லிவிட்டார். "ஒரு பிட்டரை நம்பினா இப்படித்தான்" என்று பெரிய டாக்டர் சிரித்தாராம். ஒரு மாதம் தவணை, அதற்குள் ஒன்றும் காட்ட முடியாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டாராம். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. நான் மறுநாளும் போனேன். திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன். டாக்டரம்மா காலிக் கூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். "கடலை இல்லாட்டியும் சிக்கல்தான். ஓடுற எலிக்குப் பசி ஜாஸ்தி. ஒவ்வொரு எலிக்கும் ஒவ்வொரு வயிறு, ஒவ்வொரு உடம்பு. இதை எப்படிச் சமமாக்குறது?" என்று தனக்குத் தானே பேசுகிற மாதிரி சொன்னார்.

நான் வாயைத் திறக்கலாமா கூடாதா என்று தயங்கினேன். பிறகு சொன்னேன்: "எங்க பட்டறைல ரெண்டு கிரீஸ்ல எது நல்லதுன்னு பாக்கணும்னா ரெண்டு மெஷின்ல போட மாட்டோம்மா. ஒரே மெஷின், ஒரே தண்டு. இந்தப் பக்கம் பேரிங்குக்கு ஒண்ணு, அந்தப் பக்கம் பேரிங்குக்கு ஒண்ணு. சூடு, தூசு, ஓட்டம் எல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். எலிக்கும் ரெண்டு காலு கீதில்ல?"

அவர் என்னையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். "திரும்பச் சொல்லுங்க" என்றார். திரும்பச் சொன்னேன். அதற்குள் அவர் எழுந்து தாளில் படம் போட ஆரம்பித்துவிட்டார்.

கெண்டைக்காலில் ஒரு பெரிய தசை, அதை ஒட்டி ஒரு சின்னத் தசை. இரண்டும் சேர்ந்துதான் குதிகாலைத் தூக்குகின்றன. ஒரு காலில் பெரிய தசையை எலும்போடு பிணைக்கிற நாணை அறுத்துவிட்டால், அது செய்த வேலை முழுவதும் சின்னவன் தலையில் விழும். மறு காலில் தோலை மட்டும் கீறித் தைத்துவிடுவது; காயம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டுமே. வயிறு ஒன்று, சோறு ஒன்று, ரத்தம் ஒன்று. எத்தனை கடலை போட்டாலும் இரண்டு காலுக்கும் பங்கு சமம்! ஐந்து எலி. எதற்கு வலது, எதற்கு இடது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். அந்தப் பட்டியலை எழுதியது நான். தமிழில், என் கோணல் எழுத்தில் எழுதி, உறையில் போட்டு அரக்கு வைத்தோம். எலிகள் இரண்டு நாள் நொண்டின, பிறகு நடந்தன. தினமும் காலையில் வாரு இல்லாத சக்கரத்தில் நடக்க விட்டேன். என் மடியை அம்மா சோதிக்கவே இல்லை. ஒரு நாள் நானே உதறிக் காட்டினேன். "வேண்டாம், பிட்டர்" என்று சிரித்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

தவணை முடிந்த நாள், பெரிய டாக்டரும் இன்னும் ஐந்தாறு டாக்டர்களும் அந்த ஓட்டுக் கட்டடத்துக்கு வந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர், "இந்த ஆள் இங்க எதுக்கு?" என்றார். "பட்டியல் அவர்கிட்டதான் இருக்கு" என்றார் அம்மா. நான் சுவர் ஓரமாக நின்றேன். டாக்டர்கள் நம்ப வேண்டும் என்றால் அவர்கள் கையாலேயே சோதனை நடக்க வேண்டும் என்று அம்மா ஏற்பாடு செய்திருந்தார். பக்கத்து அறையில் வேறொரு டாக்டர் சின்னத் தசைகளைப் பிரித்து, கிண்ணத்தில் வைத்து, எலியின் எண்ணையும் வலது, இடது என்பதையும் மட்டும் எழுதி அனுப்பினார். எந்தக் காலுக்குச் சுமை ஏறியது என்று நிறுக்கிறவருக்குத் தெரியாது. பெரிய டாக்டரே தராசுக்கு முன்னால் உட்கார்ந்தார். இரண்டு தட்டுத் தராசு. வலது காலின் தசை ஒரு தட்டில், இடது காலின் தசை மறு தட்டில்.

"முதல் எலி. வலது பக்கம் இறங்குது" என்றார்.

நான் அரக்கை உடைத்து உறையைப் பிரித்தேன். "ஒண்ணாம் எலி. சுமை ஏத்தின காலு, வலது."

"ரெண்டாவது. இடது."

"இடது சார்."

மூன்றாவதும் சரியாக இருந்தது. நாலாவதுக்கு அவர் இரண்டு தடவை நிறுத்தார், தட்டுகளை மாற்றி வைத்தும் நிறுத்தார். "இடது" என்றார். "இடது சார்" என்றேன். ஐந்தாவதுக்கு எல்லா டாக்டர்களும் தராசைச் சுற்றிக் குனிந்தார்கள். "வலது." இந்த முறை நான் வாசிக்கவில்லை. தாளை அவரிடமே நீட்டினேன். அவர் படித்தார். ஐந்துக்கு ஐந்து, கண்ணு! தட்டு லேசாகச் சாயவில்லை, பார்த்தவர் கண்ணுக்கெல்லாம் தெரிகிற மாதிரி இறங்கியது.

பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். இந்த ஐந்துக்கு முன்பே இதே மாதிரி நாண் அறுத்துப் பார்த்த வேறொரு எலியின் தசையை வைத்து அம்மா தயார் செய்திருந்த கண்ணாடித் தகடுகள். என்னையும் பார்க்கச் சொன்னார். கயிறைக் குறுக்கே வெட்டினால் புரிகள் தெரிகிற மாதிரி வட்ட வட்டமாக இழைகள். ஒரு பக்கம் மெல்லிசு, சுமை ஏறின பக்கம் கொழுகொழுவென்று. புதிதாக இழைகள் முளைத்த மாதிரித் தெரியவில்லை, இருந்தவையே தடித்திருந்தன. பெரிய டாக்டர் வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்து, "பழைய நோட்டைக் கொண்டாங்க" என்றார். சிவப்புக் கோடு போட்ட பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா எங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?"

"எனுக்குத் தெரியும்ல சார்."

"யோசனையும் உன்னோடதாமே?"

"பட்டறைல எல்லாரும் செய்யறதுதான் சார்."

அவர் எழுந்து நின்றார். "நான் தப்பாச் சொல்லிட்டிருந்தேன். இத்தனை வருஷமா" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அதைச் சொல்ல அவருக்கும் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! "எலி ஜெயிச்சாச்சு, மனுஷனையும் பார்த்துடுவோம்" என்று வார்டில் எட்டுக் கட்டில் ஒதுக்கினார்.

நான் முதல் கட்டில். மணல் மூட்டையில் தொடங்கினார்கள். முதல் வாரம் உன் கைப்பிடி மணல் அளவுதான் இருக்கும், அதைத் தூக்குவதற்குள் வேர்த்துவிடும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். வலித்தால் குறைத்து, தாங்கினால் கூட்டி. பக்கத்துக் கட்டிலில் எண்ணூர் கட்டுமரக்காரர் ஒருவர், கால் முறிந்தவர். "எலி தூக்குச்சின்னா நானும் தூக்கறேன் மாமு!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்குவார். எட்டுப் பேரில் ஏழு பேர் பழைய வேலைக்கே திரும்பினோம். எட்டாவது ஆளுக்கு நரம்பே அறுந்திருந்தது. அவருக்கு இது உதவாது என்று அம்மா முதலிலேயே சொல்லி, அதையும் மறைக்காமல் எழுதி வைத்தார்.

ஆறு மாதத் தவணைக்கு நாலு நாள் இருக்கும்போது நான் பட்டறைக்குப் போனேன். முதலாளி, காதர், உலைக்காரர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். டாக்டரம்மா ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். உன் அம்மா உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். உலையிலிருந்து பழுக்கக் காய்ந்த, விஞ்சில் செருகுகிற இரும்பு ஊசி ஒன்றை எடுத்து அடைகல்லில் வைத்தான் காதர். "மெதுவா நைனா" என்றான். நான் சம்மட்டியை எடுத்தேன். முதல் அடி, தீப்பொறி தெறித்தது. இரண்டாவது, மூன்றாவது. தோள் கேட்டது, கை கொடுத்தது. எண்ணுவதை நிறுத்திவிட்டேன். இரும்பு கறுக்கிற வரை அடித்தேன், நிறுத்தியபோது பட்டறையே கத்திக்கொண்டிருந்தது. முதலாளி தன் மேல்துண்டை எடுத்து என் கழுத்தில் போட்டார். டாக்டரம்மா கை தட்டுவதை மறந்து, என் புஜத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கோயம்புத்தூரில் உன் முன்னாலும் ஒரு நோட்டு இருக்கும். இன்ன முடிவு வந்தால் நன்றாக இருக்கும் என்று நீயே ஏங்குகிற நாள் வரும். டாக்டர் ஏங்குவார், நோயாளியின் பெண்டாட்டி உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்போது உன் கண் என்ன பார்த்ததோ அதை எழுது. தவறிவிட்டால் கிழிக்காதே, கோடு போட்டு, காரணத்தை எழுதி, மறுபடி தொடங்கு. கூடப் பெருக்குகிறவரோ கூண்டு கழுவுகிறவரோ ஏதாவது சொல்ல வாயெடுத்தால், திரும்பச் சொல்லுங்கள் என்று கேள்.

பட்டறையில் அன்றைக்கு எழுந்த கூச்சல் எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. அதில் ஒரு பொட்டுகூடத் திருடியது கிடையாது. அதனால்தான், கண்ணு, பெற்ற மகளிடம் இத்தனையையும் சத்தமாகச் சொல்ல முடிகிறது.

போய் வா.

உன் நைனா